ஒரு நெடில், இரண்டு குறில்

சேர்க்கைக்குப் போன அன்று
வாசலில் பூட்ஸைக் கழற்றச் சொன்னார்கள். பிடித்திருந்தது.
துலூத் நகரத்துப் பனி, சாலை உப்பு,
ஓட்டைச் சாக்ஸில் எட்டிப் பார்க்கும் விரல்.
அப்படியே நின்று
வருடத்துக்குப் பதினான்காயிரம் டாலருக்குக் கையெழுத்திட்டேன்.

"இங்கே 'கூடாது' என்ற சொல்லே கிடையாது"
என்றார் ஹோலி ஸ்ட்ராண்ட்பெர்க், குரல் உயர்த்தாமல்.
"குழந்தை முன்னால் போகட்டும், நாங்கள் பின்னால் வருகிறோம்."
என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.
லாரியை விற்றேன். இரவு ஷிஃப்டுகள் கூட்டினேன்.
அரசுப் பள்ளி சும்மாதானே கிடைக்கிறது என்றாள் தங்கை.
மூன்று வாரம் அவளோடு பேசவில்லை.

எனக்கு வேலை தூக்குப் பாலத்தில்.
தாது ஏற்ற வரும் கப்பல் ஏரியிலிருந்து கூப்பிடும்:
ஒரு நெடில், இரண்டு குறில்.
நான் பதில் சொல்வேன்:
ஒரு நெடில், இரண்டு குறில்.
மேட்டுத் தெரு சன்னல்கள் அதிரும்.
அம்மா என்று சொல்லும் முன்பே
ஓட்டிஸ் கற்றுக்கொண்ட பாஷை அது.

வகுப்பில் அதைத்தான் பேசினான்.

நவம்பரில் ஒரு காகிதம்: 'ஒலி சார்ந்த சவால்கள்.'
சனவரியில் கால்வாய் உறைந்தது.
கப்பல் இல்லை, நான் பல்சக்கரங்களுக்குக் கிரீஸ் பூசிக்கொண்டிருந்தேன்.
அவன் மட்டும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.
இரண்டாவது காகிதம்: 'அனைவரின் அமைதியையும் கருத்தில் கொண்டு.'
எவ்வளவு மெத்தென்று எழுதியிருந்தார்கள்!
தடவிப் பார்த்த பிறகுதான் முள் தெரிந்தது.

பிப்ரவரியில் பார்வையாளர் அறையில் உட்கார்ந்தேன்.
அவர்கள் பக்கம் கண்ணாடி, என் பக்கம் சன்னல்.
பதினெட்டுக் குழந்தைகள் ஊற்றுகிறார்கள், துடைக்கிறார்கள்,
மணலில் விரலால் எழுதுகிறார்கள்.
சிந்தினால் அதட்ட ஆளில்லை.
அழகுதான், பொய் சொல்ல மாட்டேன்.
என் மகன் மூலையில் பாயைச் சுருட்டினான்.
விரித்தான்.
சுருட்டினான்.
நாற்பது நிமிடம்.
டெலானி டீச்சர் இரண்டு முறை அவனைக் கடந்தார்,
மேசையைச் சுற்றிக்கொண்டு போவதுபோல.
அன்றைய குறிப்பு: 'ஓட்டிஸ் இன்று தற்சார்போடு இயங்கினான்.'

மார்ச் தொடக்கத்தில் ஹோலி தேநீர் கொடுத்தார்.
அடுத்த வருடத்தைப் பற்றி... என்று இழுத்தார்.
'கூடாது' என்று சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை.
'பொருத்தம்' என்றார், ஐந்து முறை.
செருப்புக் கடையில்கூட
காலை அளந்து பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொல்வார்கள்.

கத்தியிருக்கலாம். அந்த அறையில் வாய் எழவில்லை.
நன்றி என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.
வாசலில் பூட்ஸ் மாட்டும்போது விரல் நடுங்கி
நாடா முடிச்சு விழவில்லை.
ஓட்டிஸ் குனிந்து போட்டுவிட்டான், இரட்டை முடிச்சு.
அதை அங்கேதான் கற்றான்.
அதையும் சொல்லியாக வேண்டும்.

வீட்டுக்கு வந்து கோட்டை உதறினால்
சுண்டுவிரல் நகமளவு ஒரு கட்டை, இளஞ்சிவப்பு.
கோபுரத்தின் உச்சியில் வைப்பது.
ஏண்டா எடுத்தாய்?
"அது ரொம்பக் குட்டி. எப்பவும் கடைசியில்தான் அதைக் கூப்பிடறாங்க."

இறுதிக் கணக்கு வந்தது.
முன்பணம் திரும்பாது.
காணாமல் போன கட்டை ஒன்றுக்கு ஆறரை டாலர்.
கட்டிவிட்டேன்.
ஆகவே அது இப்போது எங்களுடையது.

மாதக் கடைசியில் பனி உடைந்து முதல் கப்பல் வந்தது.
காலை பத்தேகால்.
மேட்டில் அந்நேரம் மௌனப் பாடம் நடக்கும்.
கண்ணை மூடி, தூரத்தில் என்ன கேட்கிறதென்று
காது கொடுப்பார்கள். கையேட்டில் படித்திருக்கிறேன்.
கப்பல் கூப்பிட்டது.
கூப்பிட்டால் பதில் சொல்வது என் வேலை. சொன்னேன்.
நெடில் அன்று கொஞ்சம் அளபெடுத்தது,
மறுக்க மாட்டேன்.

கீழே நடைபாதையில்,
என் தங்கையின் கையை உதறிவிட்டு,
ஓட்டிஸ் வாயைத் திறந்தான்.